“உப்பு கொஞ்சம் போகுது”ன்னு சொன்னாங்க, அவ்வளவுதான்

அம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன். 2024 ஆகஸ்டில் தேதி குறித்து, ஆபீஸில் பத்து நாள் லீவு சொல்லிவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து பஸ் பிடித்துக் கோவில்பட்டிக்கு வந்தும் சேர்ந்துவிட்டேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் புரட்டினார். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.6.

“எத்தனை வருஷமா கிட்னி பிரச்சினை இருக்கு?”

“அப்படி ஒண்ணும் இல்லையே டாக்டர். பிரஷரும் சுகரும்தான், பன்னெண்டு வருஷமா.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கிட்னி டாக்டர்கிட்ட ஒப்பீனியன் லெட்டர் வாங்கிட்டு வாங்க, அப்புறம் பார்ப்போம்” என்று ஃபைலை மூடிவிட்டார். ஒரே ஒரு லெட்டர். அதற்கு ஐந்து மாதம் ஆனது.

அன்றைக்கு ராத்திரி பீரோ மேலிருந்த மஞ்சப் பையை இறக்கினேன். எங்கள் வீட்டில் மெடிக்கல் ரெக்கார்டு என்றால் அந்தப் பைதான். மளிகைக் கடைப் பில், கல்யாணப் பத்திரிகை, கேஸ் ரசீது எல்லாவற்றுக்கும் நடுவில் லேப் ரிப்போர்ட்டுகள். தரையில் வருஷ வாரியாகப் பரப்பினேன். 2019இல் கிரியாட்டினின் 1.1. 2021இல் 1.3. 2022இல் 1.4. எதுவுமே தடித்த எழுத்தில் இல்லை. ஏனென்றால் அந்த லேபில் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும் நார்மல் அளவு 0.6 முதல் 1.4 வரை. ஆணோ பெண்ணோ, இருபது வயதோ எழுபதோ, எல்லோருக்கும் அதே அளவுதான்.

எனக்கு அதுவரை தெரியாத விஷயம் இது. கிரியாட்டினினை மட்டும் பார்த்தால் போதாது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ‘இஜிஎஃப்ஆர்’ என்று ஓர் எண் வரும். சிறுநீரகம் எந்த அளவுக்கு வடிகட்டுகிறது என்பதைத் தோராயமாகச் சொல்லும் எண் அது. 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். நெட்டில் இருக்கும் கால்குலேட்டரில் அம்மாவின் எண்களைப் போட்டுப் பார்த்தேன். 2019: 58. 2021: 47. 2022: 43. இப்போது: 36. 45க்கும் 30க்கும் இடையில் இருந்தால் ‘3பி’ நிலையாம். ‘நார்மல்’ என்று அச்சடித்த அந்த 1.4இலேயே அம்மா 3பிக்குள் போயிருந்தாள்.

இன்னொரு தாள் கிடைத்தது. 2022இல் வயிற்று வலிக்கு எடுத்த ஸ்கேன். பித்தப்பையில் கல் இல்லை என்றதும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டாவது பக்கத்தில் ‘இரு சிறுநீரகங்களிலும் கிரேடு 1 மாற்றங்கள்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்த வரியை டாக்டர் படித்தாரா தெரியாது. நான் படிக்கவில்லை.

“உங்கிட்ட யாருமே சொல்லலையாம்மா?” என்று கேட்டேன். அம்மா யோசித்தாள். “யூரின் டெஸ்ட்ல உப்பு கொஞ்சம் போகுதுன்னு சொன்னாங்கட்டி. ரெண்டு தடவ சொன்னாங்க. அதான் ஊறுகாயை நிறுத்திட்டேன்லா.”

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் யார் மேல் வருவது என்றே தெரியவில்லை. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிவதைத்தான் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் ‘உப்பு’ என்கிறார்கள். மாசமாக இருக்கும்போது “உப்பு இருக்கா பாருங்க” என்பார்களே, அதே உப்பு. அது சாப்பாட்டு உப்பு இல்லை. 2022 ரிப்போர்ட்டில் ஆல்புமினுக்கு நேரே இரண்டு கூட்டல் குறி. டாக்டர் கணக்கில் அவர் சொல்லிவிட்டார். அம்மா கணக்கில் அவளுக்குக் குழம்பில் உப்பு கூடிப்போச்சு. மூன்று வருஷமாக எங்கள் வீட்டு சாம்பார் ஏன் சப்பென்று இருந்தது என்பதற்கும் அன்றைக்குத்தான் விடை கிடைத்தது.

கிண்டலுக்காகச் சொல்லவில்லை. நானும் யோக்கியம் இல்லை. அம்மா உப்பைக் குறைக்கிறாள் என்று தெரிந்ததும் ‘குறைந்த சோடியம்’ என்று எழுதியிருந்த உப்பு பாக்கெட்டை நானே கோயம்புத்தூரிலிருந்து வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தேன். அதில் சோடியத்துக்குப் பதிலாகக் கலந்திருப்பது பொட்டாசியம். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தங்கும். ரொம்பக் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். அம்மாவுக்கு அப்போதே பொட்டாசியம் கூடியிருந்தது, 5.4. அந்தப் பாக்கெட்டை வீட்டில் வைத்திருப்பவர்கள் பின்பக்கத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

சரி, கிட்னி டாக்டர். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். “புதன்கிழமை காலையில பத்து மணிக்கு வாங்க, டோக்கன் போட்டாச்சு” என்றார் ரிசப்ஷனில் இருந்த பெண். முழங்கால் வலியோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால், “சார் செவ்வாய், வியாழன் மட்டும்தான் வருவார்” என்றார் அதே கவுண்ட்டரில் இன்னொரு பெண். டோக்கன் போட்டது யார் என்று கேட்டதற்கு, “சிஸ்டத்துல இல்லையே மேடம்.” பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்த்தோம். சிறுநீர் டெஸ்ட்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கையெழுத்து டாக்டர்களுக்கே உரியது. கீழே இருந்த லேபில் அதைப் படித்த பையன் ஒரு ஐந்து லிட்டர் வெள்ளை கேனைத் தூக்கிக் கொடுத்து, “இருபத்துநாலு மணி நேர யூரின், ஒரு சொட்டு விடாம பிடிக்கணும்” என்றான். ஒரு பகல், ஒரு ராத்திரி. வீட்டுக்கு யாராவது வந்தால் பார்த்துவிடுவார்களே என்று அம்மா அந்தக் கேனைப் பழைய சேலையில் சுற்றி பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். அன்றைக்குப் பார்த்துப் பெரியம்மா வேறு வந்து, “இது என்னடி, எண்ணெயா?” என்று கேட்டு, அம்மா ஆமாம் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் அந்தக் கேனைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு மதுரைக்கு இரண்டு மணி நேர பஸ் பயணம்.

டாக்டர் கேனைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். “நான் எழுதினது ஏசிஆர்மா. காலையில முதல்ல போற யூரின், சின்ன டப்பாவுல கொஞ்சம் போதும்.” அதிலேயே ஆல்புமினையும் கிரியாட்டினினையும் அளந்து விகிதம் பார்த்துவிடுவார்களாம். 30க்கு உள்ளே இருக்க வேண்டியது, அம்மாவுக்கு 640 வந்தது. சீட்டை வாங்கியதும் அங்கேயே அது என்ன டெஸ்ட், எப்படி எடுக்கணும் என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். லேபில் கேட்காதீர்கள்.

இத்தனை அலைச்சலில் ஒரே ஒரு விஷயம் எனக்குச் சாதகமாக நடந்தது. மஞ்சப் பை ரிப்போர்ட்டுகளை ஒரு நாற்பது பக்க நோட்டில் வருஷம், கிரியாட்டினின், இஜிஎஃப்ஆர், சிறுநீர் ஆல்புமின், சுகர் என்று கட்டம் போட்டு எழுதி எடுத்துப் போயிருந்தேன். டாக்டர் அதை வாங்கி, விரலை ஒவ்வொரு வரியாக இறக்கினார். சாதாரணமாக, இது திடீர்ப் பழுதா நாள்பட்டதா என்று உறுதிப்படுத்த மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்களாம். “இதுலயே அஞ்சு வருஷக் கதை இருக்கே. காத்திருக்க வேண்டியதில்லை” என்று அன்றைக்கே மாத்திரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த நோட்டை இப்போதும் கூடவே எடுத்துப் போகிறேன். லேபில் பழைய ரிப்போர்ட் கேட்டுப் பார்த்தேன், இரண்டு வருஷத்துக்கு முந்தினது எதுவும் வைப்பதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

“வலி மாத்திரை ஏதாவது?” என்றார் டாக்டர். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். அவள் கணக்கில் அது மருந்தே இல்லை. தெருமுனை மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கும் மூட்டு வலி மாத்திரை, தினம் ஒன்று, நாலு வருஷமாக. சுருக்குப் பையில் பாதி தின்ற அட்டை இருந்தது. அதில் அசிக்ளோஃபெனாக் என்று எழுதியிருந்தது. பிரஷர், சுகரால் ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்த சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தை இந்த வகை மாத்திரைகள் இன்னும் குறைக்கும். அன்றைக்கே நிறுத்தம். “அப்ப வலிச்சா?” என்றாள் அம்மா. பாராசிட்டமாலும் வெந்நீர் ஒத்தடமும்தான். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் பாதியாகக் குறைந்தது. பொட்டாசியம் இறங்கிய பிறகு, சிறுநீரகத்தைப் பாதுகாக்க டெல்மிசார்ட்டன், டபாக்ளிஃப்ளோசின் என்று இரண்டு மாத்திரைகள். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம் கிரியாட்டினின் 1.7 ஆகிவிட்டது. எனக்குக் கை கால் உதறல். சொந்தக்காரர் ஒருவர், “இங்கிலீஷ் மருந்தால வந்ததுதான் எல்லாம்” என்று சொல்லி, ஏதோ ஒரு ஊரில் கிடைக்கும் லேகியத்தின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை. டாக்டரிடம் கேட்டபோது, இந்த மருந்துகளைத் தொடங்கியதும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும், 30 சதவீதம் வரை பயப்பட வேண்டாம் என்றார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு ராத்திரித் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

இந்த ஐந்து மாதமும் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “எனக்கு ஒண்ணும் செய்யலையே.” உண்மைதான். வலி இல்லை, வீக்கம் இல்லை, பசி குறையவில்லை. ராத்திரி மூன்று முறை எழுந்து போவதை வயசு என்று நினைத்தாள். அமெரிக்காவில் இந்த நோய் இருக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தெரியாது என்று அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையமே சொல்கிறது. கோவில்பட்டியில் மஞ்சப் பையோடு இருக்கும் அம்மாவைக் குறை சொல்லி என்ன செய்ய. வீட்டில் பிரஷரோ சுகரோ இருப்பவர் இருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை இஜிஎஃப்ஆர், ஏசிஆர் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். “கிட்னி எல்லாம் பார்த்தாச்சு” என்று சொன்னால் எண் எவ்வளவு என்று கேளுங்கள்.

டிசம்பர் கடைசியில் ஏசிஆர் 310, கிரியாட்டினின் 1.6. ஜனவரியில் லெட்டர் கிடைத்தது. ஆபரேஷனுக்கு முன்னாலும் பின்னாலும் எந்தெந்த ஊசி, மாத்திரை கூடாது என்று அதில் எழுதியிருந்தார். அதை நான் நாலு காப்பி எடுத்து, ஃபைலில் ஒன்று, கட்டிலில் ஒன்று என்று ஒட்டாத குறையாக வைத்தேன்.

ஆபரேஷன் முடிந்த ராத்திரி, நான் கேண்டீனில் இட்லி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது சிஸ்டர் ஒருவர் ஊசியோடு நின்றிருந்தார். அம்மா ஒரு கையால் மறித்துக்கொண்டு இருந்தாள்.

“வலிக்குதுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க?”

“வலிக்குதுதான். அது என்ன ஊசி? டைக்ளோவா, அந்த வலி மாத்திரை வகையா? எனக்குக் கிட்னி மூணு பி. அந்த ஃபைலைப் பாருங்க.”

சிஸ்டர் ஃபைலைப் புரட்டினார், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார், பத்து நிமிஷம் கழித்து பாராசிட்டமால் பாட்டிலோடு வந்து ட்ரிப்பில் மாட்டினார். அம்மா என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்து, “சட்னில உப்பு இருக்காட்டி?” என்றாள்.