காத்திருக்கும் துணி, காத்திருக்கும் பணம்

விநியோகச் சங்கிலி மேலாண்மையை நான் கற்பிப்பது கோயம்புத்தூரில். அதைப் பற்றி ஆய்வு செய்வது பெரும்பாலும் அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருப்பூரில். இந்த அருகாமை திட்டமிட்டு அமைந்ததன்று என்றாலும், என் பாடத்தின் போக்கை வேறெதையும்விட அதுவே அதிகம் தீர்மானித்திருக்கிறது. பாடநூல்கள் காட்டும் சங்கிலி, ஒரு பெரிய நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் அமர்ந்து பார்க்கும்போது தெரிவது: ஒரு பக்கம் பொருள் வழங்குவோர், மறுபக்கம் கிடங்கும் கடையும் வாடிக்கையாளரும். திருப்பூரில் அப்படியொரு நடுப்புள்ளி கிடையாது. நூல் வாங்குபவர் ஒருவர், அதைத் துணியாகப் பின்னுபவர் வேறொருவர், சாயமிடுபவர் மற்றொருவர். துணி பின்னர் சுருங்காதபடி செய்யும் காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், காஜா பட்டன், செக்கிங் என ஒவ்வொன்றும் பெரும்பாலும் தனித்தனி ஜாப் ஒர்க், அதாவது பிறர் பொருளில் கூலிக்குச் செய்து தரும் வேலை. இத்தனை கை மாறிய பிறகுதான் ஒரு டி-சர்ட் அட்டைப்பெட்டிக்குள் புகுந்து, தூத்துக்குடிக்கு லாரி ஏறி, பல வேளைகளில் கொழும்பில் கப்பல் மாறி, ஐரோப்பியக் கடைக்குப் போய்ச் சேருகிறது.

இந்தப் பாதையில் துணி இயந்திரத்தில் ஓடும் நேரம் மிகக் குறைவு. அடர்நிறம் ஏற்றவேண்டிய பருத்தித் துணிக்குச் சாய இயந்திரத்துக்குள் ஏறத்தாழ 8 முதல் 10 மணி நேரம் போதும். ஆனால் அதே துணி சாயப்பட்டறைக்குள் நுழைந்து வெளிவர ஒரு வாரம், பத்து நாள் ஆவதை அங்கே யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. மீதி நேரமெல்லாம் காத்திருப்பு. இந்தக் காத்திருப்பு எதனால் வருகிறது, அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே என் கற்பித்தலும் ஆய்வும் நடந்துவந்திருக்கின்றன. முதல் கேள்விக்கு எங்கள் துறை நூறாண்டுகளாக நல்ல விடைகளைத் தந்துகொண்டிருக்கிறது. இரண்டாவதை அது அந்த அளவுக்குப் பொருட்படுத்தியதில்லை என்பது என் எண்ணம்.

முதல் கேள்விக்கான கருவிகள் எளிமையானவை. ஒருமுறைக்கு எவ்வளவு வாங்குவது அல்லது தயாரிப்பது சிக்கனம் என்பதற்கான சூத்திரத்தை ஃபோர்டு ஹாரிஸ் 1913இலேயே எழுதிவிட்டார். ஓர் அமைப்புக்குள் சராசரியாக நிற்கும் சரக்கின் அளவு, சரக்கு உள்ளே வரும் வேகத்தையும் அது உள்ளே தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும் என்பதை ஜான் லிட்டில் 1961இல் நிறுவினார். பார்ப்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த விதியைப் பட்டறை வாசலில் நின்று சொல்லிக்கொடுக்கும்போது மாணவர்கள் முகத்தில் ஏற்படும் மாற்றம், கரும்பலகையில் எழுதிக்காட்டும்போது ஏற்படுவதில்லை. நாளொன்றுக்கு 5 டன் முடித்து அனுப்பும் பட்டறையில் சாயமிடாத 'கிரே' துணி 40 டன் அடுக்கி வைக்கப்பட்டிருந்தால், இன்றைக்கு வந்து இறங்கும் லாட்டின் (ஒரே ஆர்டருக்கான துணித் தொகுதியின்) முறை வருவதற்கு 8 நாளாகும். இதைக் கணிக்க மென்பொருள் தேவையில்லை. மூட்டைகளை எண்ணினால் போதும். பட்டறை மேலாளர் 'மூணு நாள்ல தந்தர்றேங்க' என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டே மூட்டைகளை எண்ணும் மாணவருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்காது.

ஆனால் அந்த 40 டன் ஏன் அங்கே சேர்ந்தது என்பதற்குப் போக, கொஞ்சம் வரலாற்றுக்குள் நுழைய வேண்டும். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவு தொடர்பான வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணியை வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் லாரியில் அனுப்பிச் சாயமிட்டுத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் உண்டு. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடு பட்டறைகள் மீண்டும் இயங்கத் தொடங்கியபோது, தண்ணீரின் விலை என்பது அதை வாங்கும் விலையாக மட்டும் இல்லாமல், எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரித்து, எஞ்சியதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, உப்பைப் பிரித்தெடுக்கும் செலவையும் சேர்த்ததாக மாறியது. இயந்திரத்தைப் பாதி நிரப்பி ஓட்டுவது கட்டுப்படியாகாது. ஒரே நிறத்தில் போதிய துணி சேரும் வரை சாயக்காரர் காத்திருக்கிறார். சிறிய லாட் வைத்திருப்பவரின் துணி ஓரமாக நிற்கிறது. ஹாரிஸின் சூத்திரத்தில் 'ஒருமுறை தொடங்கும் செலவு' என்று ஓர் எழுத்தால் குறிக்கப்படுவது, திருப்பூரில் ஓர் ஆற்றின் கதையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அந்த ஆறு காப்பாற்றப்பட வேண்டியதே என்பதில் எனக்கு ஐயமில்லை; அதைக் காப்பாற்றும் செலவு, ஐரோப்பியக் கடையில் தொங்கும் விலைச்சீட்டை எட்டாமல், சிறிய லாட் கொடுப்பவரின் காத்திருப்பாக உருமாறி நின்றுவிடுவதைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எல்லாக் காத்திருப்பும் வீண் அன்று என்பதையும் வகுப்பில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் சரக்கைத் தேக்கி வைக்காமல் இயங்கும் ஜப்பானியக் கார் தொழிற்சாலைகளைப் பற்றிப் படித்துவிட்டு வரும் மாணவர்கள், கிடங்கில் நிற்கும் எதையும் குற்றமாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு மருந்தாக நான் எடுத்துக்கொள்வது 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை. அங்கே மாவட்டக் கிடங்குக்கு வந்து சேரும் மருந்து உடனே மருத்துவமனைக்குப் போய்விடுவதில்லை. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தரம் சரியென்று முடிவு வரும் வரை தனியே வைக்கப்படுகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ் புத்தகம் உண்டு. தனக்கு ஒதுக்கப்பட்ட தொகைக்குள் எதை எவ்வளவு எடுத்தது என்பது அதில் பதிவாகும். சரக்கு எங்கே, எதற்காக நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் காத்திருப்பு அது. பிற மாநிலங்கள் இந்த ஏற்பாட்டைப் பார்த்துத் தங்களுக்கும் அமைத்துக்கொண்டன. சாயப்பட்டறை வாசலில் நிற்கும் மூட்டைகளுக்கும் மருந்துக் கிடங்கில் நிற்கும் பெட்டிகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மாணவர் தன் சொந்தச் சொற்களில் எழுதிவிட்டால், அந்தப் பருவத்தின் பாதிப் பாடத்தை அவர் முடித்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வேன்.

இரண்டாவது கேள்விக்கு நான் வந்து சேர்ந்தது ஒரு மாணவியால். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960களில் உருவான 'பீர் விளையாட்டு' இத்துறையின் வகுப்புகளில் உலகெங்கும் ஆடப்படுவது. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நால்வர் வரிசையாக அமர்ந்து, ஒருவரோடொருவர் பேசாமல், துண்டுச்சீட்டில் ஆர்டர் எழுதி அனுப்ப வேண்டும். ஆர்டரும் சரக்கும் வந்துசேரச் சில வாரங்கள் பிடிக்கும். விளையாட்டின் பெயரைக் கேட்டதும் எழும் சிரிப்பு அடங்க நேரமாகும் என்பதால், பெட்டிகளில் பனியன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், யாரும் கேட்பதில்லை. வாடிக்கையாளரின் தேவை வாரத்துக்கு 4 பெட்டியில் தொடங்கி, ஒரே ஒரு முறை 8 ஆக உயர்ந்து, அதன்பின் அப்படியே நிற்கும். அதற்குள் ஆலைக்காரர் 40, 50 என்று உற்பத்தி செய்து தள்ளிவிட்டு, பிறகு வாரக்கணக்கில் ஆர்டரே வராமல் உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் வாடிக்கையாளரின் தேவை எப்படி இருந்திருக்கும் என்று வரையச் சொன்னால், பெரும்பாலோர் ஏறி இறங்கும் அலை ஒன்றை வரைவார்கள். ஒரு படி மட்டுமே கொண்ட கோட்டை நான் காட்டும்போது, சற்று நேரம் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொள்வார்கள். ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 1997இல் எழுதிய கட்டுரைகள், பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் குழந்தை டயப்பர் ஆர்டர்களில் தெரிந்த இதே ஏற்றத்தாழ்வை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தன்னளவில் அறிவோடு நடந்துகொள்வதாலேயே இது விளைகிறது என்று விளக்கியவை. அதுவரைக்கும் பாடம் வழக்கமான தடத்தில் சென்றுவிடும்.

ஒரு முறை, பின்னலாடை இயந்திரங்கள் வைத்துக் கூலிக்குத் துணி பின்னிக் கொடுக்கும் குடும்பத்திலிருந்து வந்த மாணவி ஒருவர், விளையாட்டு முடிந்து மற்றவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது எழுந்து, "இதுல பணம் எப்பங்க சார் வரும்?" என்று கேட்டார். விளையாட்டில் சரக்கு தாமதமாகும், தகவல் தாமதமாகும். பணம் என்ற ஒன்றே நகர்வதில்லை. சரக்கைத் தேக்கி வைத்ததற்கும் தட்டுப்பாடு வந்ததற்கும் ஆளுக்கொரு செலவுக் கணக்கு உண்டே தவிர, அனுப்பிய சரக்குக்கு யார் எப்போது தருவார் என்ற கேள்வி அதன் விதிகளில் இல்லை. அடுத்த பருவத்தில் விளையாட்டை மாற்றினேன். ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் முதல். சரக்கு பெற்றவர் பல வாரம் கழித்துத்தான் பணம் தருவார். மூலப்பொருள் வாங்குபவர் மட்டும் உடனே தர வேண்டும். மாறிய விளையாட்டில் ஆர்டர் பெருகும்போதுதான் சிறியவர் மூழ்குகிறார். இருக்கும் முதலெல்லாம் முந்தைய சரக்கில் மாட்டிக்கொண்டிருக்க, வந்த ஆர்டரை ஏற்க நூல் வாங்கப் பணமில்லை. பழைய விளையாட்டில் இந்தத் தோல்விக்கு இடமே கிடையாது.

திருப்பூரில் இதுதான் அன்றாடம். நூலுக்குப் பணம் பெரும்பாலும் முன்கூட்டியே அல்லது குறுகிய தவணையில். ஏற்றுமதியாளருக்கு வெளிநாட்டு வாங்குவோரிடமிருந்து வருவது கப்பலேறி 60 நாள், 90 நாள் கழித்து. ஜாப் ஒர்க் செய்தவருக்கு அதற்கும் பிறகு. நூல் விலை ஏறும்போது இந்த இடைவெளி அகலமாகிறது. 2022 மே மாதத்தில் நூல் விலையைக் கண்டித்துத் திருப்பூரின் ஆலைகள் இரண்டு நாள் மூடப்பட்டதை விலைப் போராட்டம் என்றே செய்திகள் எழுதின. பணத்துக்கான காத்திருப்பின் செலவு தாங்கமுடியாத அளவுக்கு ஏறியதும் அதற்குள் இருந்தது. 2020 மார்ச்சில் மேற்கத்திய நிறுவனங்கள் ஆர்டர்களை ரத்து செய்தபோதும், தைத்து முடித்த துணி யாருடைய பணத்தில் செய்யப்பட்டது என்பது ஒரே நாளில் வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு லாட் சாயப்பட்டறையில் பிந்திவிட்டால் கப்பலைத் தவறவிட்ட சரக்கை ஏற்றுமதியாளர் தன் செலவில் விமானத்தில் அனுப்ப நேர்வதும், அந்த ஆர்டரின் லாபம் முழுதும் அந்தக் கட்டணத்தில் கரைந்துவிடுவதும் அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை.

எங்கள் துறையின் ஆய்விதழ்கள் இந்த வகைக் கேள்வியை எளிதில் ஏற்பதில்லை. ஒரு கட்டுரையை அனுப்பியபோது, கணித மாதிரி நேர்த்தியாக இருக்கிறது, ஆனால் பணம் தருவதில் தாமதம் என்பது நிதித் துறையின் பொருள் என்று திரும்பி வந்தது. நிதித் துறை இதழுக்கு அனுப்பினால் சரக்கின் நகர்வு எதற்கு என்று கேட்பார்கள். பேராசிரியரின் ஆண்டு மதிப்பீடு எந்த இதழில் எத்தனை கட்டுரை என்பதைக் கொண்டு அமைவதால், இரு துறைகளுக்கும் நடுவில் நிற்கும் பொருளை இளைஞர்கள் தொடுவதில்லை. அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். தொழில்முனைவோர் பக்கம் வேறு வகையான தயக்கம். என் முடிவுகளைப் பொறுமையாகக் கேட்ட பின்னல் ஆலை உரிமையாளர் ஒருவர், "நீங்க சொல்றதெல்லாம் தெரியுங்க. அதையப் போயி யாருகிட்டங்க கேக்கறது?" என்றார். அந்தக் கேள்வியைச் சமன்பாட்டில் எழுத எனக்கு இன்னும் வழி அகப்படவில்லை.

சட்டம் விடை சொல்ல முயன்றிருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மும்மடங்கு கூட்டு வட்டி. அந்த வட்டியைக் கேட்டு வழக்காடிய ஜாப் ஒர்க்கரை நான் சந்தித்ததில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. ஆகவே, 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்து, உரிய காலத்துக்குள் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாதபடி செய்தது. இதில் எனக்குப் பிடித்த கூறு, தாமதத்தின் செலவைச் சிறியவர் கேட்காமலே பெரியவர் பக்கம் நகர்த்துவதுதான். ஆனால் பணம் தருவது பற்றிய இந்த விதி நடுத்தர நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்பதால், வாங்குவோர் சிறியவர்களை விட்டு நடுத்தர நிறுவனங்களிடம் போய்விடுவார்களோ என்ற அச்சமும் அதே வேகத்தில் பரவியது. வெளிநாட்டு வாங்குவோரை இந்தச் சட்டம் தொடுவதே இல்லை. அவர் 90 நாள் எடுத்துக்கொள்ள, ஏற்றுமதியாளர் 45 நாளில் தர வேண்டியிருக்கிறது.

இந்த இடைவெளியைத்தான் இப்போது மாணவர்களைக் கொண்டு அளந்துகொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் ஒரு லாட்டைப் பின்தொடரும் மாணவர், அது ஒவ்வொரு பட்டறைக்குள் நுழைந்த நேரத்தையும் வெளிவந்த நேரத்தையும் மட்டும் அட்டையில் குறிப்பார். இப்போது அதே அட்டையில் பில் போட்ட தேதிக்கும் பணம் கைக்கு வந்த தேதிக்கும் இரண்டு கட்டங்கள் கூடுதலாக உண்டு. துணியின் தேதிகளை எந்தப் பட்டறையும் தயங்காமல் சொல்லிவிடுகிறது. பணத்தின் தேதியைச் சொல்ல உரிமையாளர் கணக்கரைப் பார்க்கிறார், கணக்கர் உரிமையாளரைப் பார்க்கிறார். பெயரும் தொகையும் வேண்டாம், நாட்களின் எண்ணிக்கை மட்டும் போதும் என்று மாணவர்கள் விளக்கிய பிறகு சிலர் தருகிறார்கள். சாயப்பட்டறைகளும் தையலகங்களும் ஓரளவு தந்திருக்கின்றன. காஜா பட்டன், செக்கிங் போன்ற, வாடகை அறையில் நாலைந்து பேரை வைத்து நடத்தப்படும் இடங்களில் பில் என்பதே பல நேரம் இல்லை. வாரச் சம்பள நாளன்று என்ன வந்தது, என்ன பாக்கி என்று நோட்டில் எழுதி வைத்திருப்பதைக் கொண்டு அந்தக் கட்டங்களை எப்படி நிரப்புவது என்பதை அடுத்த பருவம் தொடங்குவதற்குள் முடிவு செய்ய வேண்டும்.