மேகம் விலகிய நான்கு நிமிடம்

கொடைக்கானலில் வாடகைக் கார் எடுத்தால் ஓட்டுநர் கையில் ஓர் அட்டை இருக்கும். ஒரே நாளில் சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்களின் வரிசை. அதில் இல்லாத சூரிய ஆய்வகத்தைச் சொன்னதும் எங்கள் ஓட்டுநர் அண்ணனின் முகம் சுருங்கியது. "அப்சர்வேட்டரியா? அங்கே பார்க்க என்ன சார் இருக்கிறது? இந்த மேகத்தில் சூரியனே தெரியாதே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சரி, முதலில் அவருடைய அட்டைப்படியே குணா குகை. ஆங்கிலேயர் காலத்தில் 'பேயின் சமையலறை' என்றிருந்த பெயரை, 1991-இல் கமல்ஹாசன் நடித்த 'குணா' மாற்றிவிட்டது. 2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்த பிறகு கேட்கவே வேண்டாம். கம்பி வேலிக்கு இப்பால் நின்று எல்லாரும் செல்ஃபி எடுத்தார்கள். எனக்குக் குகையைவிட, தரைக்கு மேலே பாம்புகளைப் போலப் பின்னிக் கிடந்த மரவேர்கள்தான் பிடித்தன.

திரும்பும் வழியில் சாலையோரப் புதர் ஒன்றைக் காட்டி, "குறிஞ்சி" என்றார் அண்ணன். பூ இல்லை. 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான். அவருடைய மூத்த மகன் 2006 பூப்பின்போது பிறந்தவனாம். பிறந்த தேதி மறந்தாலும் இது மறக்காது என்றார்.

சூரிய ஆய்வகம் சுமார் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பஞ்சம் பெற்ற பிள்ளை இது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்து மடிந்த பிறகு, பருவமழையைப் புரிந்துகொள்ளச் சூரியனையும் கவனிக்க வேண்டும் என்று விசாரணைக் குழு சொன்னது. அதன் விளைவாக 1899-இல் இந்த மலையில் ஆய்வகம் எழுந்தது. மழையைத் தேடி வந்தவர்களுக்குக் கிடைத்ததோ வேறொன்று. சூரியன்மேல் கறுப்பாகத் தெரியும் சூரியப் புள்ளியில் வாயு நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பாய்வதை 1909 ஜனவரியில் ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட் இங்கேதான் கண்டார். இன்றும் உலகப் பாடநூல்களில் அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்றே பெயர்.

இருட்டறையில் வெறும் வெள்ளைத் திரை. அரை மணி நேரம் காத்திருந்தோம். அண்ணனும் சலிப்போடு உள்ளே வந்து உட்கார்ந்தார். திடீரென்று மேகம் விலகியது. வெளியிலிருந்த கண்ணாடி ஒளியைத் திருப்பிவிட, திரையில் சூரியன் வந்து விழுந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு. விளிம்பு லேசாக நடுங்கியது. நடுவுக்குச் சற்று மேலே மிளகு போல ஒரு புள்ளி. பக்கத்தில் நீண்ட வானவில் பட்டை, அதன் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஏதோ ஒரு தனிமத்தின் கைரேகை. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும், விலகும்போது தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? அதுபோல, வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு நீலப் பக்கமும், விலகிப் போனால் சிவப்புப் பக்கமும் மயிரிழை நகரும். எவர்ஷெட் பிடித்தது அந்த மயிரிழையைத்தான்.

"அந்தப் புள்ளி எவ்வளவு பெரியது?" என்று கேட்டவர் அண்ணன்.

"நம் பூமியை உள்ளே போடலாம்" என்றார் ஊழியர்.

அண்ணன் எழுந்து திரைக்கு அருகே போனார். சுண்டுவிரல் நகத்தைப் புள்ளிக்குப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார். அதற்குள் மேகம் மூடிக்கொண்டது. திரை மறுபடி வெள்ளையானது.

"இன்னும் பத்து நிமிடம் பார்க்கலாமா சார்?" என்றார்.