விவாகரத்து டிக்ரி வாங்கும் முன்பே வீட்டுக் கணக்கை முடித்தோம்

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு நானும் கணவரும் ஒத்துக்கொண்டோம். மகள் என்னோடு இருப்பதிலும் தகராறு இல்லை. இழுத்தது மேடவாக்கம் ஃபிளாட்தான். பத்திரமும் வீட்டுக்கடனும் இருவர் பெயரில். மகளின் பள்ளி பக்கத்துத் தெரு என்பதால் அங்கேயே இருக்க நினைத்தேன். அவர் விற்றுவிடலாம் என்றார், அதுவும் எழுபதுக்கு முப்பது பங்கில்.

"இ.எம்.ஐ. முழுக்க என் அக்கவுண்ட்ல இருந்துதானே போச்சு?" என்பது அவர் வாதம். போனது உண்மை. அதே ஆண்டுகளில் மளிகை, ஸ்கூல் ஃபீஸ், மெயின்டனன்ஸ், அவர் அம்மாவின் மருந்து எல்லாம் என் சம்பளத்தில் ஓடின. அவர் சம்பளம் கடனுக்கு மிஞ்சியதே அதனால்தான்.

விவாகரத்தானால் மனைவிக்குச் சொத்தில் பாதி என்று இங்கே சட்டம் கிடையாது என்பதை வக்கீல் மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். பத்திரத்தில் யார் பெயர், யார் பணம் போட்டார்கள் என்றுதான் பார்ப்பார்களாம். கூட்டுப் பெயரில் வாங்கிப் பங்கு எவ்வளவு என்று எழுதாவிட்டால், போட்ட பணத்தின் அளவுக்குப் பங்கு. அதற்கு ஆதாரம் இல்லையென்றால் சரிபாதி. சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-வது பிரிவு. "பேப்பரைத் தேடும்மா" என்றார்.

முன்பணத்துக்காக என் நகையை விற்ற ரசீது அலமாரியில் கிடைத்தது. தெர்மல் தாள், தேதியும் கடைப் பெயரும் தெரிந்தன, தொகை வெளுத்துப்போயிருந்தது. வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்துப் பழைய ஸ்டேட்மெண்ட் வாங்கினேன். நகை விற்ற அதே தேதியில் பணம் என் கணக்கில் வரவாகி, மறுநாள் பில்டருக்குப் போயிருந்தது. அந்த ஒரு வரிதான் பேச்சின் போக்கையே மாற்றியது.

குடும்பநல நீதிமன்றம் எங்களைச் சமரசப் பேச்சுக்கு அனுப்பியது. வீட்டு வேலை பார்க்கும் மனைவியின் உழைப்பும் சொத்து சேர்ப்பதில் பங்களிப்புதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் சொன்ன தீர்ப்பை மேடம் அங்கே எடுத்து வைத்தார். கணவர் சவுதியில் சம்பாதித்து அனுப்ப, ஊரில் குடும்பத்தைக் கவனித்த ஒரு பெண்ணின் வழக்கு அது. அந்தப் பெண்ணின் சமையலுக்கே மதிப்பு உண்டென்றால் என் சம்பளத்துக்கு இல்லையா என்று கேட்டேன். சமரசர் இருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசினார். கடைசியில் மதிப்பீட்டாளர் சொன்ன 62 லட்சத்தில் கடன் பாக்கி 24 லட்சத்தைக் கழித்து, மீதி 38-ஐச் சரிபாதியாக்கினோம். அவருக்கு 19 லட்சம் நான் தர வேண்டும். மாடுலர் கிச்சனுக்கும் இன்வெர்ட்டருக்கும் மட்டும் ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டோம்.

பிரிந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வங்கியைத்தான். கோர்ட் என்ன எழுதினாலும் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட இருவரையும் வங்கி விடாது. நான் ஒரு மாதம் தவணை தவறினால் அவர் சிபில் ஸ்கோரும் (கடன் நம்பகத்தன்மை மதிப்பெண்) அடிபடும். கடனை என் பெயருக்கு மட்டும் மாற்றக் கேட்டபோது, என் சம்பளம் மட்டும் போதாது என்றார்கள். என் தம்பி இணைக் கடன்தாரராக வந்த பிறகுதான் வேறொரு வங்கி கடனை எடுத்துக்கொண்டது. அவருக்குத் தர வேண்டியதில் ஒரு பகுதியும் டாப்-அப்பாக, அதாவது கூடுதல் கடனாகக் கிடைத்தது.

அடுத்தது விடுதலைப் பத்திரம், அதாவது அவர் தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம். கணவன் மனைவியாக இருக்கும்போதே எழுதினால் குடும்ப உறுப்பினர் கட்டணம்: முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. டிக்ரி வந்துவிட்டால் நாங்கள் குடும்பம் இல்லை. விடும் பங்கின் மதிப்பில் 7 சதவீதம் தீர்வை. அதனால் விவாகரத்துக்கான முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் நடுவிலான ஆறு மாதத்திலேயே பதிவை முடித்தோம். கையெழுத்துப் போட்டபின் நான் கோர்ட்டுக்கு வராமல் போனால் என்ற பயம் அவருக்கு, பணம் வாங்கியபின் அவர் வராமல் போனால் என்ற பயம் எனக்கு. யார் எப்போது எதைச் செய்ய வேண்டும் என்று தேதியோடு சமரச ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம். சார் பதிவாளர் அலுவலகத்தில் அவர் கைரேகை வைத்ததும் டி.டி.யைக் கொடுத்தேன்.

இரண்டாவது மனு விசாரணைக்குப் போகும்போது வில்லங்கச் சான்றில் விடுதலைப் பத்திரப் பதிவு ஏறியிருந்தது. மின் இணைப்பு மாறிவிட்டது. சொத்து வரிப் பெயர் மாற்றத்துக்கு மனு கொடுத்திருக்கிறேன்.