நூறு மீட்டர் கோட்டுக்கு இந்தப் பக்கம்

கல்லூரி நினைவு ஒன்று எழுதித் தாருங்கள் என்று முன்னாள் மாணவர் மலர்க் குழுவினர் கேட்டார்கள். பாதிப் பேர் கேன்டீன் பரோட்டாவைப் பற்றித்தான் எழுதியிருப்பீர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் பதினாலு நிமிடக் குறும்படம் ஒன்று சிங்கப்பூர் வந்த பிறகும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை எழுதிவிடுகிறேன்.

2009 கோடை. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் ஆண்டு முடிந்திருந்தது. ஜூனில் கல்லூரி திறந்ததும் ஓர் ஆவணப்படம் கொடுக்க வேண்டும். குழுவில் நாலு பேர், பெண் நான் ஒருத்திதான். ‘அரவாணிகள்’ என்று தலைப்பு முடிவானதுமே பையன்கள் மூவரும் கூவாகம் திருவிழாவுக்குக் கிளம்பிவிட்டார்கள். அப்போதெல்லாம் விஸ்காம் பிள்ளைகள் இந்த விஷயத்தைத் தொட்டால் நேரே விழுப்புரம் பஸ்தான் ஏறுவார்கள். என்னை வீட்டில் விடவில்லை.

இரண்டு மினி டிவி (MiniDV) வீடியோ கேசட்டோடு திரும்பி வந்தார்கள். ஒரு மணி நேர கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற, ஒரு மணி நேரம் ஓடவிட்டாக வேண்டும். அந்த வேலை என் தலையில். அந்த ஊர்க் கூத்தாண்டவர் கோயிலில் மகாபாரத அரவானுக்கென்று அரவாணிகள் தாலி கட்டிக்கொள்வதும், அவன் களப்பலியானதும் தாலியறுத்து வெள்ளைச் சேலையில் ஒப்பாரி வைப்பதும் எல்லாரும் அறிந்ததுதான். கேசட் முழுக்க ஒப்பாரிதான். முகம், இன்னும் கிட்டத்தில் முகம், கண்ணீர். ஒரு ஷாட்டில் அழுகிறவரைச் சுற்றி நம் கேமரா போக இன்னும் ஏழு கேமரா. எண்ணிப் பார்த்தேன்.

இரண்டாவது கேசட்டின் கடைசியில் ஓர் உள்ளங்கை வந்து லென்ஸை மூடியது. கறுப்புத் திரையில் குரல் மட்டும் கேட்டது. “அழுறத மட்டுந்தான் புடிப்பீங்களா? சைதாப்பேட்டைக்கு வாங்க, ஜாக்கெட்டு தைக்கிறதையும் புடிங்க.”

பையன்கள் செல் நம்பர் வாங்கி வைத்திருந்தார்கள். அந்த மட்டுக்கும் புத்தி.

சைதாப்பேட்டையில் அந்தக் குரலுக்குரிய அக்காவுக்கு ஒற்றை அறை வீடு, ஜன்னலோரம் தையல் மெஷின். கட்டிலில் தெருப் பெண்களின் அளவு ஜாக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. அக்கா முதலில் கேட்டது தலைப்பை. சொன்னோம். “திருநங்கைன்னு போடு” என்றார். 2008இல் அரசு தொடங்கிய வாரியத்துக்கே அரவாணிகள் நல வாரியம் என்றுதான் பெயர் இருந்தது. திருநங்கை என்ற சொல் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. மாற்றிவிட்டோம்.

இரண்டு நாள் மெஷினையும் விரலையும் எடுத்தோம். ஊக்கு வைத்துத் தைக்கும்போது நூலைப் பல்லால் கடிப்பார், அது நன்றாக வந்தது. மூன்றாம் நாள் அவரே சொன்னார்: “பதிமூணாந்தேதி வாங்க. ஓட்டு போடப் போறேன்.”

மே 13, நாடாளுமன்றத் தேர்தல். ரேஷன் கார்டில் மூன்றாம் பாலினத்துக்கு அதற்குள் இடம் வந்திருந்தது. வாக்காளர் அட்டையில் ஆண், பெண் இரண்டுதான். அக்காவின் அட்டையில் மீசை வைத்த ஒரு பையனின் படமும், அவர் விட்டொழித்த ஒரு பெயரும் இருந்தனவாம். வாக்குச்சாவடிக்கு நூறு மீட்டர் முன்னால் ரோட்டில் சுண்ணாம்புக் கோடு. கேமராவோடு அதைத் தாண்டக் கூடாது என்று போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு மணி நேரம் போல ஒரு பள்ளிக்கூடச் சுவரையே எடுத்துக்கொண்டிருந்தோம்.

வெளியே வந்தவர் கோட்டைத் தாண்டியதும் விரல் மையைக் காட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே பேசத் தொடங்கினார். பெண்கள் வரிசையில் நின்றிருக்கிறார். யாரோ முணுமுணுத்ததும் ஆண்கள் வரிசைக்குப் போகச் சொன்னார்களாம். அங்கே சிரிப்பு. உள்ளே போனால், கட்சி ஏஜென்டுகள் சரிபார்ப்பதற்காகப் பெயரை உரக்க வாசிப்பார்களே, அது. “பெத்தவங்களே கூப்பிட மறந்த பேரு, பாப்பா. கணீர்னு படிச்சான். அத்தனை கட்சிக்காரனும் திருப்பிச் சொல்லி டிக் அடிச்சான். எல்லாக் கட்சியும் ஒண்ணா நின்னு நான் பார்த்தது அன்னிக்குத்தான்.” அந்தப் பெயர் வரவேண்டிய இடத்திலெல்லாம் “ம்ம்” என்று மட்டும் சொன்னார். படம் பார்க்கிற யாருக்கும் அது தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

வெட்டே இல்லாமல் ஆறு நிமிடம். இதுதான் படம் என்று நாலு பேரும் நம்பினோம்.

மதிப்பிட்ட ஆசிரியர் நம்பவில்லை. “ஒருத்தர் நின்னு பேசிக்கிட்டே இருந்தா விஷுவல் எங்கேம்மா? கூவாகம் ஃபுட்டேஜ் இருக்குல்ல?” அவர் கெட்டவர் இல்லை. அவர் பார்த்த படங்கள் அப்படி. நாங்கள் இன்டர்னல் மார்க்குக்குப் பயந்தோம். அக்கா பேச்சின் நடுவில் ஒப்பாரியிலிருந்து நாற்பது வினாடி நுழைந்தது, அடியில் வயலின். எடிட் டேபிளில் உட்கார்ந்திருந்தது நான். வயலினைத் தேடிப் பிடித்து வைத்ததும் நான்தான்.

துறை அரங்கில் திரையிட்ட அன்று அக்கா மாம்பழ நிறப் பட்டுச்சேலையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நூல் கடிக்கும் ஷாட்டுக்குத் தானே சிரித்தார். அப்புறம் வயலின் வந்தது. முடிந்து விளக்குப் போட்டதும் எல்லாரும் கை தட்டினார்கள், அவரும் தட்டினார். காபி குடிக்கும்போது என்னிடம் மட்டும் கேட்டார்: “நடுவுல அழுதாளே, அவகிட்ட கேட்டீங்களா?” கேட்கவில்லை. அவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. “ம்ம்” என்றார். ரோட்டில் நின்று சொன்ன அதே “ம்ம்”.

அந்த நவம்பரில் வாக்காளர் பட்டியலில் ‘மற்றவர்’ என்று குறிக்கலாம் எனத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே அக்காவுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் மெஷின் நின்றது.

“சரி பாப்பா. வரிசை எத்தனை போடுவாங்களாம்?”

ஊருக்குப் போகிறவர்கள் துறை நூலகத்தில் அந்த டிவிடி இன்னும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். என்னிடம் மூல கேசட்டுகள் இருக்கின்றன, ஓட்டிப் பார்க்க கேமராதான் இல்லை. யாரிடமாவது பழைய மினி டிவி கேமரா ஓடும் நிலையில் இருந்தால் தெரிவியுங்கள். எனக்கு அந்த ஆறு நிமிடம் வேண்டும், நாற்பது வினாடி இல்லாமல்.