கேமிங் பிசிக்கு ப்ராசசர்: முதலில் எஃப்பிஎஸ், பிறகு மாடல்

கேம் ஓடும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து வரும் படம் ஒவ்வொன்றுக்கும்) வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எதில் பட்டது, எந்தெந்தப் பொருளை வரைய வேண்டும் என்று ப்ராசசர் கணக்குப் போட்டுப் பட்டியல் கொடுக்கும். கிராபிக்ஸ் கார்டு அதை வரைந்து மானிட்டருக்கு அனுப்பும். 60 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 60 ஃபிரேம்) வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி விநாடி அவகாசம். 144 என்றால் 6.9. 240 என்றால் வெறும் 4.2. அதற்குள் ப்ராசசர் தன் பங்கை முடிக்காவிட்டால், ஒன்றரை லட்ச ரூபாய் கிராபிக்ஸ் கார்டும் சும்மா காத்துக்கொண்டுதான் இருக்கும்.

ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 4கேவுக்கு ஏற்றினால் கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் நான்கு மடங்காகின்றன. ப்ராசசரின் வேலையோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதனால் ப்ராசசர் தேர்வில் முதல் கேள்வி, எந்த கேமை எத்தனை எஃப்பிஎஸ்ஸில் ஆடப் போகிறீர்கள் என்பதுதான். கதை சார்ந்த பெரிய கேம்களை 1440பியிலோ 4கேயிலோ 60 முதல் 90 எஃப்பிஎஸ்ஸில் ஆடுகிறவருக்கு நடுத்தர ப்ராசசர் போதும். மிச்சப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவற்றை 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடுகிறவருக்குக் கணக்கு தலைகீழ்.

இப்போதுள்ள கணினியிலேயே இதைச் சோதிக்கலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரையும் அதோடு வரும் ரிவாட்யூனரையும் (கண்காணிப்பு மென்பொருள்கள்) போட்டு, ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். வி-சிங்க் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோடு கட்டிவைக்கும் அமைப்பு), எஃப்பிஎஸ் வரம்பு இரண்டையும் அணைத்துவிட வேண்டும். ஜிபியு 97, 98% என்று நின்றால் கார்டுதான் எல்லை; ப்ராசசரை மாற்றிப் பயனில்லை. 60, 70 என்று தொங்கினால் ப்ராசசர் இழுத்துப் பிடிக்கிறது. சிபியு (ப்ராசசர்) மொத்தப் பயன்பாடு 30% தானே என்று ஏமாந்துவிடக் கூடாது. பெரும்பாலான கேம்களின் முக்கிய வேலை ஒரே த்ரெட்டில் (ப்ராசசர் ஒரே நேரத்தில் ஓட்டும் பல வேலைத் தொடர்களில் ஒன்றில்) ஓடுகிறது. 16 த்ரெட் உள்ள ப்ராசசரில் ஒரு த்ரெட் முழுவதும் நிரம்பினாலும் மொத்தக் கணக்கில் அது 6% சொச்சம்தான். இன்னும் சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை 720பிக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறவே இல்லையென்றால் ப்ராசசர்தான் எல்லை என்று முடிவு தெரிந்துவிட்டது.

4கே மானிட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிஎல்எஸ்எஸ்ஸை (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் என்விடியா தொழில்நுட்பம்) பெர்ஃபார்மன்ஸ் நிலையில் போட்டால் கேம் உள்ளுக்குள் 1080பியில்தான் வரையப்படுகிறது. ப்ராசசர் மீதான நெருக்கடியும் 1080பியில் இருப்பது போலவே வந்துவிடும். ரே டிரேசிங்கும் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) கார்டின் வேலை மட்டும் இல்லை. காட்சியில் எது எங்கே இருக்கிறது என்ற கட்டமைப்பை அசையும் பொருட்களுக்காக ஃபிரேமுக்கு ஃபிரேம் புதுப்பிக்க வேண்டியிருப்பதால் ப்ராசசர் சுமையும் கூடுகிறது. ஃபிரேம் ஜெனரேஷன் (இடையிடையே கார்டே உருவாக்கிச் செருகும் ஃபிரேம்கள்) எண்ணைப் பெரிதாக்கிக் காட்டும், ஆனால் மவுஸ் அசைவுக்குக் கேம் பதில் சொல்லும் வேகம் ப்ராசசர் தரும் உண்மையான ஃபிரேம்களைப் பொறுத்ததே.

ஏஎம்டியின் எக்ஸ்3டி ப்ராசசர் ஏன் ஜெயிக்கிறது

கேமின் தரவு சிதறிக் கிடக்கும். ஒரு கதாபாத்திரத்தின் நிலையைப் படிக்க ஒரு இடம், அதன் ஆயுதத்துக்கு வேறொரு இடம் என்று ப்ராசசர் நினைவகம் முழுக்கத் தேடி அலைய வேண்டும். தேடும் தரவு எல்3 கேஷில் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகத்தில்) இருந்தால் சுமார் 10 நானோ விநாடியில் கைக்கு வரும். ரேமுக்குப் போனால் 70, 80 நானோ விநாடி. அந்த நேரமெல்லாம் கோர் வேலையின்றி நிற்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தும் புண்ணியமில்லை. ஏஎம்டி 2022 ஏப்ரலில் ரைசன் 7 5800எக்ஸ்3டியைக் கொண்டுவந்தபோது, வழக்கமான 32 எம்பி கேஷின் மேல் இன்னொரு 64 எம்பியை அடுக்கி 96 எம்பி ஆக்கியது. கடிகார வேகம் சாதாரண 5800எக்ஸைவிடக் குறைவு. அப்படியிருந்தும் கேம்களில் அதை முந்தியது.

அந்த அடுக்கில் ஒரு குறை இருந்தது. கேஷ் மேலே உட்கார்ந்ததால் கீழே உள்ள கோர்களின் சூடு வெளியேறத் தடையாக இருந்தது. அதனால் வேகத்தையும் வோல்டேஜையும் கட்டுப்படுத்தியே விற்றார்கள். 2023இல் வந்த 7800எக்ஸ்3டியிலும் இதே அமைப்புதான்: அதிகபட்சம் 5.0 கிகாஹெர்ட்ஸ், வெப்ப எல்லை 89 டிகிரி. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷைக் கோர்களுக்குக் கீழே மாற்றினார்கள். கோர்கள் நேராகக் கூலர் பக்கம் வந்ததால் வேகம் 5.2 ஆனது, எல்லை 95 டிகிரியானது, ஓவர்கிளாக்கிங்கும் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதும்) திறந்துவிடப்பட்டது. கேமிங்குக்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்லலாம்.

பலன் எல்லா கேமிலும் ஒரே அளவு இல்லை. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், ஃபேக்டோரியோ, ஸ்டெல்லாரிஸ், அசெட்டோ கோர்சா காம்பெடிட்சியோனே போன்றவற்றில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பால்டர்ஸ் கேட் 3இன் மூன்றாம் பாகத்தில் நகருக்குள் நுழையும்போது கூட்டம் கூடி எஃப்பிஎஸ் சரிகிறதே, அங்கேயும் தெரியும். சராசரியைவிட 1% லோ என்ற அளவைப் பாருங்கள். மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம் அது. கை உணரும் தடுமாற்றம் அந்த எண்ணில்தான் இருக்கிறது, பெரிய கேஷ் அதிகம் உயர்த்துவதும் அதைத்தான்.

16 கோர் 9950எக்ஸ்3டி கேமில் இன்னும் வேகமாக இருக்கும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. அதில் எட்டு எட்டுக் கோர்களாக இரண்டு சில்லுகள். கூடுதல் கேஷ் ஒன்றில் மட்டுமே இருக்கிறது. கேம் அந்தச் சில்லில் ஓட வேண்டுமென்றால் ஏஎம்டியின் சிப்செட் டிரைவர், விண்டோஸின் கேம் மோட், எக்ஸ்பாக்ஸ் கேம் பார் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தாலும் 9800எக்ஸ்3டிக்கு இணையாகத்தான் நிற்கும். வீடியோ எடிட்டிங், பிளெண்டர் போன்ற வேலையும் அதே கணினியில் உண்டென்றால் மட்டும் அந்தப் பணம் நியாயம். 12 கோர் 9900எக்ஸ்3டியில் கேஷ் உள்ள பக்கம் ஆறே கோர்கள். கேமிங்குக்காக அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

விலை எட்டாதபோது

ரைசன் 5 7600, 9600எக்ஸ் இரண்டும் ஆறு கோர், 32 எம்பி கேஷ். நடுத்தர கிராபிக்ஸ் கார்டுக்கு 1440பியில் இவை தாராளம். 7600இன் பெட்டியிலேயே கூலர் வருகிறது. அதே ஏஎம்5 சாக்கெட் (மதர்போர்டில் ப்ராசசர் பொருந்தும் இடம்) என்பதால் இரண்டு, மூன்று வருடம் கழித்து ப்ராசசரை மட்டும் எக்ஸ்3டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பெயர் மயக்கும் சில மாடல்களிடம் எச்சரிக்கை தேவை. ரைசன் 7 8700ஜி எண்ணில் 7700ஐவிடப் பெரியது. ஆனால் கேஷ் பாதியாக 16 எம்பிதான்; தனி கிராபிக்ஸ் கார்டுக்குப் பிசிஐஇ 4.0 லேன் (ப்ராசசருக்கும் கார்டுக்கும் இடையே தரவு போகும் பாதை) எட்டு மட்டுமே. கார்டு போடாமல் ஆட நினைப்பவர்களுக்கான மாடல் அது. ஏஎம்5க்கு முந்தைய ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5 5500ம் 5600ம் ஒரே எண் வரிசையில் இருந்தாலும் 5500இல் 16 எம்பி கேஷ், பிசிஐஇ 3.0. எட்டு லேன் மட்டும் உள்ள மலிவு கார்டை அதில் செருகினால் இழப்பு இரட்டிப்பு. இன்டெல் ஆர்க் பி580 போன்ற கார்டை வாங்குவதாக இருந்தால் பழைய ஆறு கோர் ப்ராசசரோடு சேர்க்காதீர்கள். அதன் டிரைவர் ப்ராசசர் மீது அதிகச் சுமை ஏற்றுவதால், கார்டின் முழு வேகம் வராது.

இன்டெல் பக்கம், 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை மின்சாரம் குறைவாக எடுக்கிறது. 265கேயின் 20 கோர்கள் வேலைக்கு அருமை. கேமிங்கில் மட்டும் பல இடங்களில் முந்தைய 14ஆம் தலைமுறையைக்கூட எட்டவில்லை. வேலை முக்கால், விளையாட்டு கால் என்றால், விலை இறங்கும்போது 265கே நல்ல தேர்வு.

13, 14ஆம் தலைமுறையைப் பழையதாக வாங்குகிறவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். அதிக வோல்டேஜால் கோரின் உள்ளேயுள்ள கடிகாரச் சுற்று மெல்லத் தேய்ந்துபோகும் பிரச்சினை இவற்றில் இருந்தது. 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடும் (ப்ராசசரின் உள்நிரல் திருத்தம்) அடுத்த மாதம் 0எக்ஸ்12பியும் வந்தன. இவை மேற்கொண்டு சேதமாகாமல் தடுக்கும். ஏற்கெனவே பழுதானதைத் திருப்பித் தராது. அறிகுறி தந்திரமானது: அன்ரியல் என்ஜின் கேம்கள் ஷேடர் (காட்சியை வரைய கார்டுக்கான நிரல்) தயாரிக்கும்போது, வீடியோ மெமரி போதவில்லை என்று பிழை காட்டி மூடிக்கொள்ளும். குற்றம் கிராபிக்ஸ் கார்டு மேல் விழும், பழுது ப்ராசசரில் இருக்கும். பெட்டியோடு விற்ற மாடல்களுக்கு இன்டெல் வாரன்டியை இரண்டு வருடம் நீட்டி ஐந்தாக்கியது. பில் இல்லாமல் விற்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

ரேம், கூலர், பயாஸ்

ஏஎம்5க்கு டிடிஆர்5-6000 ரேம், சிஎல்30 (ரேமின் தாமத அளவு) என்பதுதான் பொருத்தமான இடம். அதற்கு மேல் போனால் மெமரி கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கக்கூடும், லாபம் கரைந்துவிடும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. எக்ஸ்3டி வாங்குகிறவர்கள் 5600 வேகத்தில் நின்றுகொள்ளலாம். கேஷ் பெரியது என்பதால் ரேம் வேகம் குறைந்தாலும் அதிகம் பாதிக்காது. இதே காரணத்தால், கையில் ஏஎம்4 போர்டும் டிடிஆர்4 ரேமும் இருப்பவர்கள் எல்லாவற்றையும் மாற்றுவதற்கு முன், நல்ல நிலையில் 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி கிடைக்கிறதா என்று தேடுவது நல்லது. ஏஎம்4இல் பழைய கூலரைக் கழற்றும்போது பத்து நிமிடம் கணினியை ஓடவிட்டுப் பேஸ்ட்டைச் சூடாக்கி, அணைத்து, மெல்லத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் ப்ராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளையும்.

ரேம் இரண்டு குச்சிகளாக, ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போக வேண்டும். நான்கு குச்சி போட்டால் ஏஎம்5இல் வேகம் 3600 வரைகூட விழலாம். முதல் தடவை ஆன் செய்தவுடன் திரை பல நிமிடம் கருப்பாகவே இருக்கும். மெமரி ட்ரெய்னிங் (ரேமைச் சோதித்து அமைத்துக்கொள்ளும் வேலை) நடக்கிறது. பவரை அணைக்காமல் காத்திருங்கள். பிறகு பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்பு மென்பொருள்) எக்ஸ்போவை (ரேமை அதன் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் ரேம் வேகம் 4800 என்று காட்டினால் அது ஆன் ஆகவில்லை என்று பொருள். இந்தத் தவறோடு வருடக்கணக்கில் ஓடும் கணினிகள் ஏராளம். எக்ஸ்போ போட்டபின் சாக் வோல்டேஜ் (ப்ராசசரில் மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதிக்கான வோல்டேஜ்) 1.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. 2023இல் 7000 வரிசை எக்ஸ்3டிகள் சில எரிந்ததற்கு அந்த வோல்டேஜ்தான் காரணமாகச் சொல்லப்பட்டது, அதன்பின் வந்த பயாஸ்கள் எல்லையை விதித்துவிட்டன.

9800எக்ஸ்3டி கேமில் பெரும்பாலும் 100 வாட்டுக்குள்தான் எடுக்கும். 360 எம்எம் வாட்டர் கூலர் தேவையில்லை, இரட்டைக் கோபுர ஏர் கூலர் போதும். ஆனால் விமர்சனங்களில் வரும் வெப்ப எண்கள் பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி அறையில் எடுத்தவை. மே மாதம் சென்னையில் ஏசி இல்லாத அறை 36 டிகிரி என்றால், அந்த எண்ணோடு குறைந்தது 11 கூட்டிக்கொள்ளுங்கள். கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியால் மூடாமல் வலையாக இருப்பது கூலரைவிட முக்கியமாகிவிடும். பயாஸில் உள்ள கர்வ் ஆப்டிமைசரில் (கோர் வோல்டேஜைக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 15 வைத்தால் வெப்பம் நன்றாகக் குறையும். கேம் ஓடும்போது ஒன்றும் ஆகாமல் சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆனால், அந்த எண் அதிகம் என்று பொருள். மைனஸ் 10க்குத் திரும்புங்கள்.

மதர்போர்டுக்குக் கொட்ட வேண்டாம், நல்ல பி650 போதும். ஆனால் கடையில் 2023 சரக்காக இருந்தால் அதன் பயாஸ் 9800எக்ஸ்3டியை அடையாளம் காணாது. ப்ராசசர் இல்லாமலேயே பென்டிரைவ் மூலம் பயாஸ் ஏற்றும் பட்டன் பின்புறம் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை ஐந்தாயிரம் குறைவாகச் சொன்னால், பெட்டியா, டிரேயா (பெட்டியில்லாமல் உதிரியாக வருவது) என்று கேளுங்கள். டிரே ப்ராசசருக்கு வாரன்டி விற்றவரிடம்தான்; பெட்டியில் வந்ததற்கு மூன்று வருடம் நிறுவனத்திடமே கிடைக்கும். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணை ஜிஎஸ்டி பில்லிலும் எழுதி வாங்குங்கள். ஏஎம்5 போர்டில் பின்கள் சாக்கெட்டில் இருக்கின்றன. பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, பின்கள் வளையாமல் இருப்பதைக் கடையிலேயே ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த பின்னுக்கு வாரன்டி இல்லை.