இணைப்பில் சென்றது யாருடைய கணக்கு?

பயனர் ஒரு பொத்தானை அழுத்தியதும் அவருடைய மாதக் கணக்கு அறிக்கை பிடிஎஃப் கோப்பாக உருவாகி, மின்னஞ்சலில் இணைப்பாகச் சேர்ந்து, அவருடைய முகவரிக்குச் சென்றுவிட வேண்டும் என்பதுதான் அன்று எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. தரவுத்தளத்திலிருந்து விவரங்களை எடுப்பது, அவற்றை வார்ப்புருவில் நிரப்பிப் பிடிஎஃப் ஆக்குவது, மின்னஞ்சல் அனுப்புவதற்கென ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல் தொகுப்பை (லைப்ரரி) அழைத்து அனுப்புவது ஆகிய மூன்றையும் சில நாட்களில் எழுதி முடித்தேன். சோதனைக்காக எனக்கு நானே அனுப்பிப் பார்த்த அறிக்கைகள் ஒவ்வொன்றும் சரியாகவே வந்தன. அந்தச் சோதனை எதைச் சோதிக்கவில்லை என்பதைப் பல மாதங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன்.

மின்னஞ்சலில் இணைப்பு என்பது தொடக்கத்திலேயே இருந்த வசதி அன்று. மடல்களைச் சர்வர்களுக்கிடையே கடத்தும் விதியான எஸ்எம்டிபியின் 1982ஆம் ஆண்டு வரையறை, ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் அடங்கிய 7 பிட் ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே கடத்துவதற்கு வழி செய்தது. 1992இல் நத்தானியல் போரென்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் வகுத்த மைம் முறைதான் ஒரே மடலைப் பல பகுதிகளாகப் பிரித்து, படத்தையும் கோப்பையும் எழுத்துகளாக மாற்றி உள்ளே வைப்பதற்கு இடம் தந்தது. ஆகவே நாம் இணைப்பு என்று அழைப்பது மடலுக்கு வெளியே ஒட்டப்பட்ட தனிப்பொருள் அன்று. எல்லைக்கோடாக அமைந்த இரண்டு வரிகளுக்கு நடுவே நிற்கும் நீண்ட எழுத்துத் தொகுதியே அது. அதன் பெயர் என்ன, வகை என்ன என்பவற்றையும் அனுப்பும் நிரலே அறிவிக்கிறது. அந்தக் கோப்பின் உள்ளடக்கம் மடலின் முகவரிக்கு உரியதுதானா என்று வழியில் உள்ள எந்தச் சர்வரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய கடமை முழுவதும் அனுப்புகிறவருடையது. இதை நான் அப்போது தெளிவாக உணர்ந்திருக்கவில்லை.

என் நிரல் பிடிஎஃப் கோப்பை முதலில் தற்காலிக அடைவு ஒன்றில் எழுதி, பிறகு அங்கிருந்து எடுத்து மடலில் சேர்த்தது. கோப்பின் பெயரை அந்த நேரத்தின் நாள், மணி, நிமிடம், நொடி ஆகியவற்றைக் கொண்டு அமைத்திருந்தேன். ஒரே நொடியில் இரண்டு பேர் கேட்கமாட்டார்கள் என்று நான் முடிவு செய்ததுகூட இல்லை. அப்படி ஒரு கேள்வியே எனக்குள் எழவில்லை. பயனர்கள் தாமாகப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தவரை எந்தப் புகாரும் வரவில்லை. பிறகு மாதத் தொடக்கத்தில் எல்லோருக்கும் அறிக்கையைத் தானாகவே அனுப்பும் ஏற்பாடு வந்தது. வேலை விரைவாக முடிய வேண்டும் என்பதற்காகப் அதே நிரலின் பல இயக்கங்களை, அதாவது பல செயல்முறைகளை, ஒரே சமயத்தில் இயங்கவிட்டோம். முதல் செயல்முறை ஒருவருடைய அறிக்கையை எழுதி முடித்து, அதை மடலில் சேர்ப்பதற்குள், இரண்டாவது செயல்முறை இன்னொருவருடைய அறிக்கையை அதே பெயரில் அதன்மேல் எழுதிவிட்டது. இரண்டு மடல்களும் ஒரே கோப்பை ஏந்திச் சென்றன.

“எனக்கு வந்திருப்பது என்னுடைய கணக்கு அன்று” என்று ஒருவர் பதில் எழுதியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தால், வெவ்வேறு முகவரிகளுக்கு எதிரே ஒரே நொடியும் ஒரே கோப்புப் பெயரும் நின்றன. காரணம் கால் மணி நேரத்தில் விளங்கிவிட்டது. ஆனால் குழுத்தலைவர் கேட்ட அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. “இப்படி இன்னும் எத்தனை பேருக்குப் போயிருக்கிறது?” என்று அவர் கேட்டார். எந்த முகவரிக்கு, எந்த நேரத்தில் மடல் சென்றது என்பதை நாங்கள் பதிந்து வைத்திருந்தோமே தவிர, உள்ளே என்ன சென்றது என்பதைப் பதியவில்லை. தற்காலிகக் கோப்புகளும் அனுப்பியவுடன் அழிக்கப்பட்டிருந்தன. ஒரே நொடியில் ஒரே பெயர் அமைந்த எல்லா இடங்களையும் ஐயத்துக்கு உரியவையாகக் கொண்டு, அந்த முகவரிகள் அனைத்துக்கும் எழுத வேண்டியதாயிற்று. அவர்களுள் பலருக்குச் சரியான கோப்பே சென்றிருக்கலாம். அதை உறுதியாகச் சொல்வதற்கு எங்களிடம் எதுவும் இல்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது.

பெயரில் ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்திருந்தால் அந்தத் தவறு நின்றிருக்கும். ஆனால் அதோடு விட எனக்கு மனம் ஒப்பவில்லை. வட்டில் கோப்பு எழுதுவதையே கைவிட்டு, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் உரிய நினைவகப் பகுதியிலேயே அறிக்கையை உருவாக்கும்படி மாற்றினேன். அறிக்கையை உருவாக்கும் செயற்கூறு (நிரலின் ஒரு பகுதி) கோப்பின் பைட்டுகளை மட்டும் தராமல், அது எந்தக் கணக்கு எண்ணுக்கு உரியது என்பதையும் சேர்த்தே தரும். அனுப்பும் செயற்கூறு அந்த எண்ணையும், முகவரி எந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்த எண்ணையும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் அனுப்ப மறுக்கும். கூடவே, சேர்க்கப்பட்ட பைட்டுகளின் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் மதிப்பும் கோப்பின் அளவும் மடலின் அடையாள எண்ணோடு அட்டவணையில் பதியப்படும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. அறிக்கையைச் சேமித்து வைக்காமலேயே, இன்னதுதான் சென்றது என்று பின்னாளில் அதைக் கொண்டு மெய்ப்பிக்கலாம். இரண்டு கணக்குகளுக்கு எதிரே ஒரே ஹேஷ் வந்தால், ஒருவருடையது இன்னொருவருக்குச் சென்றிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

நினைவகத்துக்கு மாறியபோது வேறொரு பிழை காத்திருந்தது. நினைவகத்திலேயே கோப்புபோல் எழுதவும் படிக்கவும் உதவும் நினைவக ஓடையில் எழுதி முடித்ததும் அதன் படிக்கும் இடம் கடைசிப் பைட்டுக்குப் பின்னால் நிற்கும். அதைத் தொடக்கத்துக்குத் திருப்பாமல் மடலில் சேர்த்தால், லைப்ரரி அங்கிருந்தே படிக்கத் தொடங்கி ஒன்றும் கிடைக்காமல், வெறும் 0 பைட் இணைப்பை அனுப்பிவிடும். எங்கும் பிழைச்செய்தி வராது. கோப்பின் அளவை அட்டவணையில் பதிந்ததால்தான் சோதனையிலேயே இதைப் பிடிக்க முடிந்தது.

பெரிய அறிக்கைகள் தந்த சிக்கல் எளிய கணக்குதான். கோப்பை மடலுக்குள் வைப்பதற்காக எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 முறை 3 பைட்டுகளை 4 எழுத்துகளாக்குகிறது. 76 எழுத்துகளுக்கு ஒருமுறை வரி முறிப்பதையும் சேர்த்தால் கோப்பு ஏறத்தாழ 37 விழுக்காடு பெருகும். போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மின்னஞ்சல் சர்வரில் ஒரு மடலுக்கு இயல்பாக உள்ள வரம்பு 1,02,40,000 பைட்டுகள் என்பதால், 8 எம்பி கோப்புகூட அதில் செல்லாது. அத்தகைய அறிக்கைகளுக்கு, உள்நுழைந்து எடுத்துக்கொள்ளும் லிங்க்கை அனுப்பினோம்.

தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகளுக்குச் சற்றுக் கூடுதலான உழைப்பு தேவைப்பட்டது. எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் கொள்ளும். அதை அப்படியே, கோப்பின் பெயரை அறிவிக்கும் தலைப்புவரியில் வைத்தால் சில பெறுநர்களுக்குப் பெயர் சிதைந்து தெரிந்தது. 1997இல் வந்த ஆர்எஃப்சி 2231 என்னும் இணைய வரையறை ஆவணம் சொல்லும் முறையில் எழுதிய பிறகு பெரும்பாலும் சரியாயிற்று. அறிக்கைக்கு உள்ளேயோ, ‘கெ’, ‘கொ’ போன்ற எழுத்துகளில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் விழுந்தது. குறியீடுகளின் வரிசையில் மெய்யெழுத்து முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் வருவதால், குறியீடுகளை உரிய இடங்களில் அமைத்து வரையும் எழுத்துருவாக்கம் அறியாத பிடிஎஃப் லைப்ரரி அந்த வரிசையிலேயே வரைந்துவிடுகிறது. ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துருவாக்கப் பொறியைப் பயன்படுத்தும் லைப்ரரிக்கு மாறியதும் அது தீர்ந்தது. ஒருவருடைய பெயரைப் பிழையாக அச்சிட்டு அவருக்கே அனுப்புவது சிறு குறை என்று நான் நினைக்கவில்லை.

முற்றிலும் தீராமல் நிற்பது இரட்டை மடல் சிக்கல். மடல் முழுவதையும் பெற்றுக்கொண்ட சர்வர் 250 என்ற ஏற்புக்குறியை அனுப்புவதற்குள் தொடர்பு அறுந்தால், அனுப்பிய பக்கத்துக்கு மடல் சேர்ந்ததா என்பது தெரியாது. மறுபடியும் அனுப்பினால் இரண்டு சேரலாம், அனுப்பாவிட்டால் ஒன்றும் சேராமல் போகலாம். 1988இலேயே ஆர்எஃப்சி 1047 இதைத் தனியாக எடுத்துப் பேசியிருக்கிறது. நாங்கள் மறுபடியும் அனுப்புவதையே தேர்ந்தோம். ஆனால் அறிக்கையைப் புதிதாக உருவாக்காமல், அனுப்பி முடியும்வரை வரிசையில் வைத்திருக்கும் அதே பைட்டுகளையே அனுப்புகிறோம். இரண்டு வந்தாலும் அவை ஒன்றுபோலவே இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்தத் திருத்தங்களுக்கெல்லாம் முன்பாக, பிழை தெரிந்த அன்றே நான் இரண்டு கடிதங்கள் எழுதினேன். தவறான அறிக்கையைப் பெற்றவருக்கு எழுதிய முதல் கடிதத்தில், அதை அழித்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். அழித்துவிட்டதாக அவர் மறுநாள் தெரிவித்தார். இரண்டாவது, யாருடைய கணக்கு வெளியே சென்றதோ அவருக்கு. “என் கோப்பு இப்போது எங்கெல்லாம் இருக்கிறது?” என்று அவர் பதிலில் கேட்டார். எங்கள் மின்னஞ்சல் சர்வரிலும், பெற்றவருடைய சர்வரிலும், அவர் மடலைத் திறந்த கருவியிலும், அந்தச் சர்வரின் காப்புப் பிரதிகளிலும் இருந்திருக்கக்கூடும் என்று எழுதினேன். இவற்றுள் எங்களால் அழிக்க முடிந்தது முதலாவதை மட்டுமே என்பதையும், அதை அழித்த நேரத்தையும் கடிதத்தில் குறிப்பிட்டேன்.