வெள்ளைப் பெட்டைக்குள் இருந்த வரி

கோழி இறகில் அடிப்படையாக இரண்டே சாயம்தான்: ஒன்று கறுப்பு, இன்னொன்று செம்பழுப்பு. மிச்சம் நாம் பார்க்கிற நிறமெல்லாம் அந்த இரண்டையும் எங்கே பூசுவது, எங்கே வெளிறவிடுவது, எங்கே அடியோடு நிறுத்துவது என்று மற்ற ஜீன்கள் செய்கிற வேலை. வெள்ளை என்றால் சாயம் ஏறவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். அதனால் ஒரு வெள்ளைக் கோழி வரிக்கோழியாகவோ சிவப்பாகவோ கறுப்பாகவோ இருந்திருக்க வேண்டியதாக இருக்கலாம், மேலே பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. என்னிடம் இரண்டு வெள்ளைப் பெட்டைகள் இருக்கின்றன, பார்க்க அக்கா தங்கை மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்த்த கதைதான் இது.

தோண்ட எடுத்துக்கொண்ட கருவி ஒரு கறுப்புச் சேவல். சும்மா கறுப்பாகத் தெரிகிற சேவல் போதாது, பல தலைமுறையாகக் கறுப்பு மட்டுமே வந்த வழியில் வந்ததாக இருக்க வேண்டும். கழுத்திலோ தோளிலோ ஒரு இறகுகூட பொன்னிறமாகவோ வெள்ளியாகவோ எட்டிப் பார்க்கக் கூடாது. சேவலைப் பற்றித் தெரிந்திருந்தால்தான் குஞ்சில் புதிதாக வருவது தாயிடமிருந்து வந்தது என்று சொல்ல முடியும்.

முதல் பெட்டையின் குஞ்சுகள் எல்லாமே வெள்ளை, ஆனால் வளர வளர அங்கங்கே மை தெறித்தது போல் ஒன்றிரண்டு கறுப்பு இறகு. இது ஓங்கு வெள்ளை. இந்த ஜீன் ஒரு பிரதி, அதாவது பெற்றோரில் ஒரு பக்கமிருந்து மட்டும் வந்திருந்தாலே கறுப்பை நிறுத்திவிடும், ஆனால் முழுசாக நிறுத்தாது, கசியும். சிவப்பு விஷயத்தில் இந்த ஜீன் இன்னும் பலவீனம், சிவப்புக் கோழியோடு சேர்த்தால் வெள்ளைக் குஞ்சுகளின் தோளிலும் மார்பிலும் செம்மை தேங்கி நிற்கும். சரி, இவள் கணக்கு தீர்ந்தது.

சுவாரசியம் இரண்டாவதில். ஒரு குஞ்சுகூட வெள்ளை இல்லை, எல்லாம் கறுப்புப் பஞ்சு. இது ஒடுங்கு வெள்ளை, தாய் தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் தெரியும், அதனால் பிள்ளைகளிடம் ஒரு பிரதியாக மறைந்துவிட்டது. இதுவரை எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்தக் கறுப்புக் குஞ்சுகளில் சிலவற்றின் உச்சந்தலையில் ஒரு வெள்ளைப் பொட்டு! அவற்றைத் தனியாக வளையம் மாட்டி வளர்த்தால், பொட்டு வைத்தவை அத்தனையும் சேவல், அத்தனைக்கும் உடம்பெல்லாம் குறுக்கு வரி. பொட்டில்லாதவை எல்லாம் பெட்டை, எல்லாம் கறுப்பு. அதாவது தாய்க்குள் வரி ஜீன் இருந்திருக்கிறது, வெள்ளை அதை மூடி வைத்திருந்தது.

ஏன் மகன்களுக்கு மட்டும் போனது என்றால், பறவைகளில் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிற பால் குரோமோசோம் கணக்கு நம்முடையதற்குத் தலைகீழ். சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரு இசட் ஒரு டபிள்யூ. வரி ஜீன் இசட்டில் இருக்கிறது. தாயின் ஒரே இசட் மகனுக்குத்தான் போகும், மகளுக்கு அவள் தருவது டபிள்யூ. மகளின் இசட் முழுக்க அப்பன் வீட்டுச் சொத்து, அப்பன் இங்கே கறுப்பு, அதனால் மகளும் கறுப்பு. இதே சேர்க்கையைத் திருப்பிப் போட்டு, இரண்டு பிரதியும் உள்ள வரிச் சேவலைக் கறுப்புப் பெட்டையோடு விட்டால் எல்லாக் குஞ்சும் வரியாக வரும், பொட்டை வைத்து ஆண் பெண் பிரிக்கிற வசதி போய்விடும். வெள்ளிக்கும் பொன்னுக்கும் இதே கதைதான், அதுவும் இசட்டில் இருக்கிற சமாச்சாரம். ஆனால் என் சேவல் கறுப்பு, அது அந்தக் கேள்வியை மூடிவிடுகிறது, இவள் வெள்ளியா பொன்னா என்று இந்தச் சேர்க்கையில் உறுதியாகச் சொல்ல முடியாது.

இடையில் பக்கத்துக் கூண்டில் நீலக் கோழிச் சேர்க்கையும் ஓடிக்கொண்டிருக்கிறது. நீலம் என்பது உண்மையில் சிலேட்டுச் சாம்பல். ஒரு பிரதி என்றால் நீலம், இரண்டு என்றால் அழுக்கு வெள்ளையில் மை தெளித்த ஸ்ப்ளாஷ், ஒன்றுமில்லை என்றால் கறுப்பு. நீலத்தோடு நீலம் சேர்த்தால் மூன்றும் 1:2:1 கணக்கில் வரும் என்பது நிறையக் குஞ்சுகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான், ஒரு ஈட்டில் அப்படி வந்தே தீரும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. நீலம் மட்டும் வேண்டுமென்றால் கறுப்பையும் ஸ்ப்ளாஷையும் சேர்ப்பதுதான் வழி. லாவெண்டரை இதோடு குழப்பக் கூடாது. அதுவும் சாம்பல்தான், ஆனால் ஒடுங்கு ஜீன், கறுப்போடு சேர்த்தால் குஞ்செல்லாம் கறுப்பு. அதோடு லாவெண்டர் சிவப்பையும் வைக்கோல் நிறமாக வெளிறச் செய்யும், நீலம் சிவப்பைத் தொடாது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். சேவலை மாற்றினால் உடனே முட்டை வைக்காதீர்கள், பெட்டையின் உடம்பில் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம்வரை உயிரோடு இருக்கும். நான் ஒரு மாதம் காத்திருந்து அப்புறம்தான் அடை வைக்கிறேன், ஏனென்றால் அப்பன் யார் என்பதில் சந்தேகம் வந்தால் மொத்தக் குறிப்பும் குப்பைக்குத்தான். அடுத்தது, குஞ்சுப் பஞ்சை வைத்து முடிவு கட்டாதீர்கள். கறுப்புக் கோழியின் குஞ்சு வயிறும் இறக்கை நுனியும் மஞ்சள் வெள்ளையாகத்தான் பிறக்கும், பின்னால் மூடிக்கொள்ளும்.

இப்போது இன்குபேட்டரில் இருப்பது அந்த வரிச் சேவல்களில் ஒன்றைத் தாயோடு திருப்பிச் சேர்த்த முட்டைகள். பாதி வெள்ளையாக வர வேண்டும். நிறமாக வரும் சேவல்கள் எல்லாமே வரியோடு வரும், அவற்றில் பாதிக்கு இரண்டு பிரதி, அதனால் உடம்பு இன்னும் வெளிறித் தெரியும். நிறமாக வரும் பெட்டைகளில் பாதி வரி, பாதி வரியில்லாதவை. அண்ணன் தங்கையைச் சேர்த்திருந்தால் வெள்ளை கால்வாசிதான் எதிர்பார்க்கலாம், 8 குஞ்சு பொரித்தும் ஒரு வெள்ளைகூட வராமல் போகப் பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, 16 என்றால்தான் அது நூற்றில் ஒன்றாகக் குறையும். இடம் குறைவான எனக்குத் தாயோடு சேர்ப்பதே கட்டுப்படியாகிறது.